நிலத்துக்கு நேரே ஒரு கோடு

ஹட்டன் நகரத்தில் பைஸர் ஹாஜியாரின் இரும்புக் கடையை எல்லாருக்கும் தெரியும். கீழே சிமெந்து மூட்டை, கம்பி, தகரம். மேல்மாடியில் நாளைய கட்டடக் கலைஞர்கள். கட்டடப் படம் வரையக் கற்ற பிள்ளைகள் நாளைக்கு வேறு எங்கே போய்ச் சிமெந்து வாங்கப் போகிறார்கள், ஹாஜியார் கணக்குப் பார்த்துத்தான் இந்தப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார் என்று ஊரில் ஒரு பேச்சு. இருக்கட்டும். கட்டணம் கட்ட முடியாத பிள்ளை ஒன்றைக்கூட அவர் படியில் நிறுத்தித் திருப்பி அனுப்பியதில்லை. அங்கே இரண்டு வருடம் படித்து, நிலையத்தின் நற்சான்றுக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டால், கொழும்பில் கட்டடக்கலைப் பட்டப்படிப்புக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் படம் வரையத்தான் ஆசை. ஜெயந்தினி டீச்சரின் பாடத்துக்கோ 'கட்டடப் பொருளாதாரமும் தொழில் நடத்தும் முறையும்' என்று பெயர். பெயரைக் கேட்டதுமே பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். அவள் அதைக் கண்டுகொள்ள மாட்டாள். முதல் நாளே வகுப்பின் சுவரைத் தட்டி, "இந்தச் சுவரு என்னா விலை?" என்று கேட்பாள். யாருக்கும் தெரியாது. "வெல தெரியாம வரைஞ்சா அது கோலம். வெல தெரிஞ்சு வரைஞ்சாதான் வீடு" என்பாள். பிள்ளைகள் முனகிக்கொண்டே எழுதுவார்கள்.

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாய் ஒட்டிநிற்கும் லயத்தில் பிறந்தவள் அவள். அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை, அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலை. வணிகவியலில் பட்டம் வாங்கி, கொழும்பில் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரின் அலுவலகத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தாள். மாடி மாடியாக எழும்பிய கட்டடங்களுக்குக் கல் கல்லாக விலை போட்டாள். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்தக் கெட்ட வருடத்தில் அலுவலகத்தை இழுத்து மூடினார்கள். இரண்டு பெட்டியோடு மலையேறி வந்தவளுக்கு ஹாஜியார்தான் வேலை கொடுத்தார். நாற்பதாகியும் கல்யாணம் ஆகவில்லையே என்று கவலைப்பட ஊரில் ஆள் இருந்தது. அவளுக்குத்தான் அதற்கு நேரம் இல்லை. படுக்கையோடு கிடந்த அம்மாவின் மருந்தும், ஹட்டனில் எடுத்திருந்த அறையின் வாடகையும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடின.

வகுப்பில் அவளுக்கு மூன்று சட்டங்கள். எந்தக் கடதாசியிலும் தேதி இருக்க வேண்டும். நடந்து முடிந்த நாளின் தேதியைப் பிறகு எழுதக் கூடாது. அது பொய்ச் சாட்சி. மூன்றாவதுதான் முக்கியம். எவ்வளவு சின்ன வேலையானாலும் கூலி வாங்க வேண்டும். "நம்ம ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் சும்மா செஞ்சு குடுத்தே பழகிட்டாங்க. சும்மா செஞ்ச வேலைக்குப் பொறுப்பும் சும்மாதான். நூறு ரூபா வாங்கினாலும் அது ஒங்க வேல. நாளைக்கு யாரு வந்து கேட்டாலும் நீங்கதான் முன்னுக்கு நிக்கணும்." இதைச் சொல்லும்போது மேசையில் கையால் தட்டுவாள்.

கொழும்பிலிருந்து அவள் கொண்டுவந்த இன்னொன்று, மதிப்பீட்டுப் படிவம். அவளே தமிழாக்கி அச்சடித்து வைத்திருந்தாள். பதினான்கு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் நேரே விலைக்கு ஒரு கட்டம், ஆதாரத்துக்கு ஒரு கட்டம். எந்தக் கடதாசியை நம்பி அந்த விலையைப் போட்டாய் என்று காட்டத்தான் ஆதாரக் கட்டம். முதல் வரி: நிலம்.

முதல் பிரிவு மாணவர்களோடு அந்த முதல் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. "டீச்சர், லயத்து நெலத்துக்கு என்னா விலை போடுறது?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் கேட்டது. வகுப்பே சிரித்தது. நாலு தலைமுறையாகக் குடியிருந்தும் காலடி மண்ணில் ஒரு பிடிக்குக்கூடப் பத்திரம் இல்லாதவர்களின் சிரிப்பு அது. அவளுக்குத் தெரியாத சிரிப்பா? அவளும் சேர்ந்து சிரித்தாள். "ஒரு கோட்டப் போட்டுட்டு அடுத்த வரிக்குப் போங்க. நம்ம நெலமா, நாம கவலப்பட?" என்றாள். பிள்ளைகள் ஒரே இழுப்பில் இரண்டு கட்டத்துக்கும் சேர்த்துக் கோடு போட்டார்கள். விலை போனது, ஆதாரமும் போனது. கொழும்பில் என்றால் அப்படி ஒரு கோட்டோடு வந்த கோப்பை அவள் மேசையை விட்டு நகரவிட்டிருக்க மாட்டாள். இங்கே அது பழக்கமாகிவிட்டது. எல்லாம் கடதாசியோடு நின்ற வீடுகள் என்பதால் இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாம் பிரிவில் வந்தாள் நிலக்ஷி. நல்லதண்ணிக்குப் போகும் பாதையில் ஒரு தோட்டம். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். பெண் அதிகம் பேச மாட்டாள், காது கொடுத்துக் கேட்பாள். கடைசித் தவணைக்கு ஜெயந்தினி கொடுக்கும் பயிற்சி எல்லாருக்கும் ஒன்றுதான். உண்மையான ஓர் ஆளைப் பிடி, அவருக்கு என்ன வேண்டும் என்று கேள், வரை, விலை போடு, ஒப்பந்தம் எழுது, கூலி வாங்கு. நிலக்ஷி தன் லயத்திலேயே மூன்றாவது காம்பராவில் இருக்கும் லெட்சுமியைப் பிடித்தாள்.

லெட்சுமிக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. மகள் ஜீவராணி ஏழு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் தை மாதம் திரும்பி வரப் போகிறாள். அம்மா, அப்பா, வளர்ந்த தம்பி எல்லாரும் படுக்கும் ஒற்றைக் காம்பராவில் அவளை எங்கே படுக்க வைப்பது? பின்பக்கக் காய்கறிப் பாத்தியில் பத்துக்குப் பத்து அறை ஒன்றை நிலக்ஷி வரைந்தாள். அடுப்புப் புகை உள்ளே வராதபடி ஜன்னல், கொழுந்துக் கூடை மாட்ட ஒரு கொக்கி, வெளிநாட்டுப் பெட்டி நுழைகிற அளவுக்குக் கதவு. பெட்டியின் அகலத்தைக்கூட ஃபோனில் கேட்டு எழுதியிருந்தாள். கூலி ஐந்நூறு ரூபாய். லெட்சுமி அதை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தாளாம். ஜெயந்தினி படித்துப் பார்த்து, தொண்ணூற்றிரண்டு புள்ளி போட்டு, மேற்பார்வையாளர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்து, நிலையத்தின் முத்திரைச் சீலும் அடித்துக் கொடுத்தாள். நிலம் என்ற வரியில் வழக்கமான கோடு இருந்தது. அவள் கண் அதில் நிற்கவே இல்லை.

தோட்டத்தில் சீல் அடித்த கடதாசி என்றால் மேலிடம் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். பிறப்பு, இறப்பு, சேமலாப நிதி எல்லாவற்றிலும் அப்படித்தான் பார்த்துப் பழக்கம். லெட்சுமி அந்த ஒப்பந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். மகள் அனுப்பிய காசில் கல் இறக்கினாள். ரவுண்டு வந்த தோட்ட அதிகாரி கண்டாக்கு, "என்னா இது?" என்று கேட்டபோது கடதாசியைக் காட்டினாள். அவரும் சீல் இருப்பதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நிலக்ஷியோ, தோட்ட ஆபீஸில் லெட்சுமி அக்கா அனுமதி கேட்டிருப்பாள் என்று இருந்துவிட்டாள். படம் வரைந்த பிள்ளையே கேட்டிருக்கும் என்று லெட்சுமி இருந்தாள். அந்த ஆதாரக் கட்டம் வெறுமையாகவாவது விடப்பட்டிருந்தால், யாராவது ஒருவருக்கு உறுத்தியிருக்கும்.

சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்தபோது ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அனுமதி இல்லாத கட்டடம், உடனே நிறுத்த வேண்டும், செவ்வாய்க்கிழமை விசாரணை, கட்டியவரும் வரைந்தவரும் வர வேண்டும்.

நிலக்ஷி அந்தக் கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து நீட்டினாள். "டீச்சர், லெட்சுமியக்காவோட பேர தோட்டத்து வேலையிலருந்து வெட்டிருவாங்களா?" என்று அதைத்தான் முதலில் கேட்டாள். ஜெயந்தினி கடிதத்தைப் படித்தாள். பிறகு கோப்பை எடுத்து மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்த்தாள். முதல் வரியில் அந்தக் கோடு இருந்தது. பதினொரு வருட அனுபவம் என்று சொல்லித் திரிந்தது இதற்குத்தானா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. "ஒன்னும் ஆகாது. நான் வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

விஷயம் கடைக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? ஹாஜியார் அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து, தேத்தண்ணி வரவழைத்தார்.

"டீச்சர், நான் சொல்றத கேளுங்க. இது வகுப்புப் பயிற்சி. புள்ளைகள் கற்பனையா செய்றது. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு சொல் வேணாம். நம்மட சீல்ல பெர்மிஷன் இல்லாம ஊடு கட்டினதுன்னு வெளிய போனா, இந்த நிலையத்த நான் மூட வேண்டியதுதான். பொறுப்பு நம்மடதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா, பொறகு உங்கள வச்சிக்கிடவும் ஏலாது."

"அப்ப அந்தப் புள்ள?"

"சின்னப் புள்ள. தெரியாம செஞ்சதுன்னு உட்டுருவாங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அந்தப் பேச்சு அவளுக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. சின்னப் பெண், விட்டுவிடுவார்கள் என்று விசாரணைக்குப் பஸ்ஸில் போகும்போதும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அம்மாவின் மருந்துச் சீட்டு கைப்பையில் இருந்தது. இன்னொரு வேலை தேட இந்த மலையில் எங்கே போவது?

செவ்வாய்க்கிழமை காலை தோட்ட ஆபீஸில், நிர்வாகியான பெரிய தொரை ஒப்பந்தத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சத்தம் போடுகிற ஆள் இல்லை. லெட்சுமி கதவோரம் நின்றாள். நிலக்ஷி மேசைக்கு நேரே நின்றாள்.

"இது யாருடைய வேலை?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஜெயந்தினியின் சிங்களம் சுத்தமானது, அலுவலகச் சிங்களம். அந்த மொழியில் பொய்யும் மரியாதையாகத்தான் ஒலித்தது. "இது வகுப்புப் பயிற்சி, சேர். மாணவர்கள் கற்பனையாகச் செய்வது. கட்டச் சொல்லி நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை."

நிலக்ஷி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தொரையின் பக்கம் திரும்பித் தமிழிலேயே சொன்னாள்.

"கற்பன இல்லைங்க சேர். நான் லெட்சுமியக்காகிட்ட அஞ்சூறு ரூபா வாங்கியிருக்கேன். இது என் வேல. நான்தான் பொறுப்பு."

தொரைக்குத் தமிழ் புரியும். "மேடம்?" என்றார் ஜெயந்தினியைப் பார்த்து. அவள் வாயைத் திறந்தாள். கோடு போடச் சொன்னது நான்தான். ஐந்து சொல்கூட இல்லை. கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவு கேவலமான ஒரு நிமிஷம் அவள் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

தொரை பேனாவை எடுத்தார். லெட்சுமி ஏமாந்தவள், அவள்மேல் நடவடிக்கை இல்லை. சுவரைப் பத்து நாளில் இறக்க வேண்டும். அறை வேண்டுமென்றால் முறைப்படி விண்ணப்பிக்கலாம். அனுமதி இல்லாத படத்துக்குக் காசு வாங்கிய மாணவிமேல் பயிற்சி நிலையத்துக்கு முறைப்பாடு போகும். நிலக்ஷியின் முழுப் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார்.

முறைப்பாடு தீராமல் நற்சான்று கொடுக்க முடியாது என்று ஹாஜியார் கையை விரித்தார். நேர்முகத் தேர்வு இருபத்தெட்டாம் தேதி. நற்சான்று இல்லாதவளை உள்ளே விட மாட்டார்கள். புதன், வியாழன் வகுப்புகளுக்கு நிலக்ஷி வரவில்லை. ஜெயந்தினி கூலி பற்றிய பாடத்தை நடத்தப் போய், பாதியில் நிறுத்தி, படிவங்களை மேசைக்குள் தள்ளிப் பூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தோட்டத்துக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாளா, மனம் கேளாமல் போகிறாளா என்று அவளுக்கே தெரியாது. லயத்தின் பின்பக்கம் சுவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கட்ட வந்த அதே ஆட்கள்தான் இறக்கவும் வந்திருந்தார்கள். கட்டின நாளில் இருந்த கேலியும் கிண்டலும்தான் இல்லை. லெட்சுமி தரையில் உட்கார்ந்து, உடைந்த கத்தியால் ஒவ்வொரு கல்லிலும் ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஜெயந்தினியைக் கண்டதும் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"ஒக்காருங்க டீச்சர். கல்லு பாதி தேறும் போல. மகளுக்கு இன்னும் சொல்லல. வந்து பாத்துக்கட்டும்."

"லெட்சுமியக்கா, தப்பு என்னோடது" என்றாள் ஜெயந்தினி.

லெட்சுமி கல்லைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் சுரண்டினாள். "ஒங்க மேல கோவம் ஒன்னும் இல்லைங்க. தொர முன்னுக்கு யாருக்குத்தான் வாய் வரும்? எனக்கும்தான் வரல. ஆனா டீச்சர், அந்தப் புள்ள ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நீங்க சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு. நான் பின்னுக்கு நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

ஜெயந்தினிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அழுதால் அதற்கும் இவள்தானே ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள். கோப்பையைக் கீழே வைத்தாள். கைப்பையிலிருந்து தாளை எடுத்து, அடுக்கியிருந்த கற்களின்மேல் வைத்து எழுதினாள். நிலம் என்ற வரியில் கோடு போடக் கற்றுக்கொடுத்தது தான். தோட்டத்தின் அனுமதிக் கடிதம் கேட்காமல் கையெழுத்தும் சீலும் வைத்தது தான். விசாரணையில் தான் சொன்னது உண்மையில்லை. மாணவியின் பெயரை நீக்கித் தன் பெயரைப் போட வேண்டும். ஒரு பக்கம்கூட வரவில்லை. கீழே கையெழுத்து வைத்தாள்.

சுவரின் மறுபக்கம் நிலக்ஷி ஜன்னல் சட்டத்திலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாங்கி, வகுப்பில் படிப்பதுபோலவே மேலிருந்து கீழ்வரை ஒரு தரம், திரும்பவும் ஒரு தரம் படித்தாள்.

"தேதி போடலையே டீச்சர்."

ஜெயந்தினி தடுமாறினாள். "செவ்வாக்கெழமன்னு போட்டு குடுக்கலாமான்னு யோசிச்சேன். வெசாரண அன்னிக்கே குடுத்த மாதிரி இருந்தா, ஒனக்கும் நல்லது..."

"செவ்வாக்கெழம நீங்க ஒன்னும் சொல்லலையே டீச்சர்" என்றாள் நிலக்ஷி.

அந்தக் குரலில் கோபம் இல்லை. கணக்கில் பிழை கண்ட பிள்ளை சொல்கிற குரல். தன் பேனாவை மூடி கழற்றி நீட்டினாள். ஜெயந்தினி வாங்கி, அன்றைய தேதியை எழுதினாள்.

திங்கட்கிழமை, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு கலைந்து ஆபீஸ் திறந்ததும் அவள் தனியாகப் போய்க் கொடுத்தாள். தொரை படித்தார். தேதியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முறைப்பாட்டில் ஒரு பெயரை வெட்டி இன்னொரு பெயரை எழுதி, நிலையத்துக்கும் அனுப்பினார். ஹாஜியார் சொன்ன சொல் மாறாதவர்; மாதக் கடைசியோடு நிற்கச் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லெட்சுமியின் விண்ணப்பம் ஆபீஸில் கிடக்கிறது. தை பிறந்தால் ஜீவராணி அந்த ஒற்றைக் காம்பராவில்தான் வந்து படுக்க வேண்டும்.

அந்த மாடியில் ஜெயந்தினி கடைசியாக எழுதியது, நேர்முகத் தேர்வுக்கு நிலக்ஷி கொண்டுபோக வேண்டிய நற்சான்றைத்தான்; இனித் தடை சொல்ல ஹாஜியாருக்கும் காரணம் இல்லை. தாளை எடுத்து வைத்து, தேதியை முதலில் போட்டுவிட்டு, பிறகுதான் எழுதத் தொடங்கினாள்.